ஏழே ஏழு பிளகின்

வியாபார வெப்சைட் ஒன்றுக்கு ஏழு பிளகின் போதும். எட்டாவது கேட்கிறவருக்கு விஷயம் தெரியாது. இருபது கேட்கிறவர் யூடியூப் பார்த்துக் கெட்டுப்போனவர். தர்மபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கடை போட்ட பன்னிரண்டு வருஷமாக இதைத்தான் சொல்லி வருகிறேன். பிளகின் என்பது பெரிய வித்தை ஒன்றுமில்லை. வீட்டுக்குப் பூட்டு, மணி, விளக்கு என்று தனித்தனியாக வாங்கி மாட்டுகிறோமே, அப்படி வெப்சைட்டில் மாட்டுகிற சின்னச் சின்ன புரோகிராம்கள். கண்டதையும் மாட்டினால் சைட் நகராது, பாதியில் நின்றுவிடும். இதை ஒவ்வொருவருக்கும் புரியவைப்பதற்குள் என் தொண்டைத் தண்ணீர் வற்றிவிடும்.

போன வைகாசியில் நல்லம்பள்ளிக்குப் பக்கத்தில் ராஜப்பனின் நாற்றுப் பண்ணைக்குப் போனபோதும் அதே கதைதான். தக்காளி, மிளகாய், செண்டுமல்லி என்று நிழல்வலைக்குக் கீழே லட்சக்கணக்கில் நாற்று வளர்க்கிறவர். விவசாயிகள் வெப்சைட்டிலேயே பதிவு செய்ய வேண்டும், சொன்ன தேதிக்கு வண்டி கொண்டுவந்து எடுத்துப்போக வேண்டும். அவ்வளவுதான் வேலை. அரை நாளில் முடிய வேண்டியது.

"சைட்டத் தெறந்ததும் மேல இருந்து செண்டுமல்லி பொலபொலன்னு கொட்டணும்ப்பா" என்றார் ராஜப்பன். அறுபது வயது. ஆசையைப் பாருங்கள்.

அவர் மகன் சத்யராஜ் செல்போனை என் முகத்துக்கு நேரே நீட்டினான். "சார், 'ஓசூரிலிருந்து ஒருவர் இப்போதுதான் ஐந்நூறு நாற்று வாங்கினார்'னு ஓரத்துல வந்து வந்து போவுதே, இது போடுங்க."

"ஓசூர்ல இருந்து யாராவது வாங்குனாங்களா?"

"வாங்கலன்னா என்னங்க. அது தானா வரும்."

"அப்போ பொய் சொல்றதுக்குன்னு தனியா ஒரு பிளகின் வேணும்ங்கறீங்க."

அவன் முகம் சுண்டிப்போனது. எனக்கு மனசு நிறைந்தது. இந்தத் தொழிலில் எனக்குக் கிடைக்கிற சந்தோஷம் இது ஒன்றுதான்.

பிறகு என் ஏழு பிளகினையும் சொன்னேன். தினமும் சைட்டை நகல் எடுத்து வைக்க ஒன்று. பாஸ்வேர்டைத் திருட வருகிறவனுக்குப் பூட்டு ஒன்று. ஆர்டர் எழுத ஃபார்ம். அந்த ஃபார்முக்கு ஒரு காவல். சைட் சீக்கிரம் திறக்க ஒன்று, கூகுளில் முன்னால் வர ஒன்று, வாட்ஸ்அப் பொத்தான் ஒன்று. பூவும் கிடையாது, பொய்யும் கிடையாது.

அப்போதுதான் மூலையில் நோட்டுப் புத்தகத்தோடு நின்றிருந்த பெண் வாயைத் திறந்தாள். காவியா. சத்யராஜின் மனைவி. தர்மபுரியில் பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் படித்துவிட்டு, கல்யாணம் ஆன மூன்று வருஷமாகக் குழித்தட்டில் தேங்காய் நார்த்தூள் அடைத்துக்கொண்டிருந்தவள். வெப்சைட் வேண்டும் என்று மாமனாரிடம் மல்லுக்கட்டியதே அவள்தான் என்று பிறகு தெரிந்தது.

"அண்ணா, ஃபார்ம்ல எழுதறது மெயிலுக்குப் போறதோட சரிதானுங்களே. சைட்டுக்குள்ள ஒரு காப்பி நிக்காதில்ல? எல்லாத்தையும் சேத்து வெக்கறதுக்குத் தனியா ஒரு பிளகின் இருக்குங்க. அதையும் போட்டுடலாமா?"

அவள் கேட்டது சரி. அது சரி என்பது எனக்கும் தெரியும். ஆனால் என் ஏழு பிளகினையும் கேட்ட பிறகு எட்டாவதைக் கேட்கிறாள், அதுவும் மற்ற இருவர் முன்னால் கேட்கிறாள். எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது.

"மெயில் வருதில்லம்மா? அதுதான் காப்பி."

"மெயில் வரலன்னா?"

"ஏன் வராது?"

"இல்லீங்கண்ணா, வத்தல்மலையில இருந்து ஒரே ஆளுதான் வருவாரு. மாமா நோட்டுல ஊருக்கே எழுத வெச்சிட்டுப் போவாரு. அந்த மாதிரி மொத்தமா வந்தா..."

"இந்த நோட்டுக் காலத்துக் கதையெல்லாம் எங்கிட்ட சொல்லாத. நீ படிச்சது புத்தகத்துல. நான் பன்னண்டு வருசமா இதுல கெடந்து சாவறேன்."

அவள் நோட்டை மூடினாள். ராஜப்பன் சிரித்தார். சிரித்துவிட்டு, என்னிடமே ஒரு நிபந்தனையாகச் சொன்னார்: "ஆடி முடியற வரைக்கும் பாக்கறேன் தம்பி. ஒரு ஆர்டர் தப்புனாலும் நான் என் நோட்டை எடுத்துக்குவேன். இவ பழையபடி டிரே ரொப்பப் போயிடணும். அதான் பேச்சு."

மோட்டார் அறைக்குப் பக்கத்தில் அவளுக்கு ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஒரு பழைய கம்ப்யூட்டர் போட்டிருந்தார்கள். அந்த நாற்காலிக்காகத்தான் அவள் எல்லாக் கேள்வியையும் கேட்டாள் என்பது எனக்கு அன்றைக்கே புரிந்தது. புரிந்து என்ன? அவளைக் கண்டாலே எனக்கு எரிச்சலாக இருந்தது.

காவல் என்றேனே, அதைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். காரிமங்கலத்தில் ஒரு பேக்கரிக்குச் சைட் செய்து கொடுத்தேன். எவனோ ஒரு வேலையற்றவன் ஒரே நம்பரிலிருந்து வேறு வேறு பெயரில் இருபது பிறந்தநாள் கேக்குக்கு ஆர்டர் போட்டான். கேக்கெல்லாம் வீணாய்ப் போய், கடைக்காரர் என் சட்டையைப் பிடிக்க வந்தார். அன்றிலிருந்து நான் செய்கிற எல்லா சைட்டிலும் ஒரு விதி உண்டு. ஒரே போன் நம்பரிலிருந்து ஒரே நாளில் மூன்று ஆர்டர்தான் உள்ளே வரும். நாலாவதிலிருந்து குப்பைக்குப் போகும். எத்தனை தடுத்தது என்ற எண்ணிக்கை மட்டும் எனக்குத் தெரியும், யாருடையது என்பது நிற்காது. போட்டவனுக்கும் தெரியாது. தெரிந்தால் வேறு வழி தேடுவான் இல்லையா? அதனால் அவனுக்கும் 'நன்றி, உங்கள் பதிவு வந்து சேர்ந்தது' என்றே காட்டும். இந்த விவரத்தை நான் யாரிடமும் சொல்வதில்லை. தொழில் ரகசியம் என்று ஒன்று வேண்டாமா?

ஆனி கடைசியில் காவியாவிடமிருந்து ஒரு மெசேஜ் வந்தது. மலையிலிருந்து வழக்கமாகப் பதினாலு வீடு செண்டுமல்லி நாற்று எடுப்பார்களாம், இந்த முறை மூன்றுதான் வந்திருக்கிறதாம். ஊருக்கே ஆர்டர் கொண்டுவருகிற ஆண்டி அண்ணனுக்குப் போன் போட்டால் கிடைக்கவில்லையாம். ஏதாவது விட்டுப்போயிருக்குமா என்று பார்க்கச் சொன்னாள். நான் அப்போது சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். சைட்டைத் திறந்து பார்க்க இரண்டு நிமிஷம் ஆகும். எச்சில் கையோடு வாய்ஸ் மெசேஜ்தான் போட்டேன்: "வந்தது வந்திருக்கும், வராதது வரல. சந்தேகம் புடிச்சவங்க நோட்டே வெச்சிக்க வேண்டியதுதான்."



ஆடிப் பதினெட்டு கழிந்து இரண்டு நாள் ஆகியிருக்கும். காலை ஒன்பது மணிக்கு ராஜப்பன் போனில் கத்தினார். "கம்ப்யூட்டர எடுத்துக்கிட்டு ஒடனே வாப்பா. வந்து இவ லட்சணத்தக் காட்டு."

போனேன். வாசலில் ஒரு பிக்கப் வண்டி நின்றிருந்தது. அதன் பக்கத்தில் காக்கிச் சட்டை போட்ட, ஒடிசலான ஒருவர். அவர்தான் ஆண்டி. மலையிலிருந்து தினமும் கீழே வந்து போகிறவர் அந்த ஊரில் அவர் ஒருவர்தான். ஊர் வண்டியை ஓட்டுகிறவர். ஊருக்குள் டவர் கிடைக்காது என்பதால், கீழே இருந்து யார் கூப்பிட்டாலும் அவர் நம்பருக்குத்தான் கூப்பிட வேண்டும். ஆகவே பதினாலு வீட்டு ஆர்டரையும் அவரே ஒரே நாளில், மலைப்பாதையில் டவர் கிடைக்கிற ஒரு வளைவில் வண்டியை நிறுத்தி, தன் நம்பரைக் கொடுத்து, ஒவ்வொரு வீட்டுப் பெயரிலும் தனித்தனியாகப் போட்டிருக்கிறார்.

"ஒரே ஆர்டரா போட்டுத் தொலைக்க வேண்டியதுதானய்யா" என்றேன்.

"அது எப்டிங்க சார்? அவங்கவங்க வூட்டு நாத்து அவங்கவங்க பேர்லதான் வரணும். எம்பேர்ல வாங்கிட்டுப் போயி ஒரு வூட்ல பட்டுப்போச்சுன்னு வைங்க, என் கைராசின்னு ஆயிடும். ஐயா நோட்லயும் அப்டித்தான் எழுதுவாரு, பதினாலு பேரையும்."

ராஜப்பன் தலையாட்டினார். அவருக்கு இது முப்பது வருஷப் பழக்கம். எனக்கு மட்டும்தான் புதுசு. ஆண்டி தன் போனைக் காட்டினார். ஒவ்வொன்றையும் போட்டோ பிடித்து வைத்திருந்தார், பதினாலு 'நன்றி'யும் வரிசையாக இருந்தது. நிழல்வலைக்குக் கீழே தயாராக இருந்தது மூன்று வீட்டுத் தட்டுகள்.

"பதினொரு வூட்டுக்கு நாத்து இல்ல" என்றார் ராஜப்பன். "இனிமே வெத போட்டு நாத்தாகி, நட்டு, பூவெடுக்கறதுக்குள்ள ஆயுதபூசையும் போச்சு, தீவாளியும் போச்சு. கூப்புட்டு வந்து நாற்காலி போட்டு ஒக்கார வெச்சன் பாரு, என்னச் சொல்லணும். வந்த ஆர்டரப் பாக்கத் துப்பில்ல."

"மூணுதான் மாமா வந்துது" என்றாள் காவியா. அழுகிற மாதிரி தெரியவில்லை.

"இந்தாளு பதினாலு நன்றி காட்டறாரு. அவரு பொய் சொல்றாரா?"

சத்யராஜ் பைக்கில் சாய்ந்துகொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனால் யாருக்கு என்ன பிரயோஜனம் என்று எனக்கு இன்று வரை விளங்கவில்லை.

நான் மேசையில் லேப்டாப்பைத் திறந்தேன். சைட்டுக்குள் போனேன். காவல் பிளகினின் பக்கத்தில் ஒரே ஒரு எண் இருந்தது. தடுக்கப்பட்டவை: 11.

திரையைக் கொஞ்சம் என் பக்கம் சாய்த்துக்கொண்டேன்.

"சொல்லுப்பா" என்றார் ராஜப்பன். "ஃபார்ம் ஒழுங்கா வேலை செய்யுதா இல்லியா? எங்க சங்கத்துல இன்னும் ஒம்போது பண்ணக்காரங்க சைட் போடணும்ங்கறாங்க. ஒன்னத்தான் சொல்லி வெச்சிருக்கேன்."

ஒன்பது பண்ணை. நான் வாயைத் திறந்தேன். வெளியே வந்தது இதுதான்: "ஃபார்ம் நல்லாத்தாங்க வேலை செய்யுது."

இதில் ஒரு வார்த்தை கூடப் பொய் இல்லை. அதுதான் கேவலம்.

"கேட்டியா?" என்று ராஜப்பன் மருமகள் பக்கம் திரும்பினார். "போ. அங்க நார்த்தூளு நனச்சி வெச்சிருக்கு. போயி ரொப்பு."

காவியா போகவில்லை. என்னைப் பார்த்தாள். வெறுப்பு என்றால் அப்படி ஒரு வெறுப்பை நான் கடன்காரன் முகத்தில்கூடப் பார்த்ததில்லை. பிறகு ஆண்டியிடம் கையை நீட்டினாள். "அண்ணா, ஒங்க போனக் குடுங்க. சோதனைக்குப் போட்டுப் பாக்கறேன்."

அவளுடைய சொந்தப் போனை எல்லாருக்கும் தெரிகிற மாதிரி மேசைமேல் வைத்தாள். ஆர்டர் வந்தால் அதில் மணி அடிக்கும். ஆண்டியின் போனில் பெயரை எழுதி அனுப்பினாள். 'நன்றி' வந்தது. மேசைமேல் மணி அடித்தது. இரண்டாவது அனுப்பினாள். நன்றி, மணி. மூன்றாவது. நன்றி, மணி.

"அதான் வருதே" என்றார் ராஜப்பன். "இன்னும் எத்தன போடுவ?"

"பதினாலு போடுவேன் மாமா" என்று நாலாவது பெயரை எழுத ஆரம்பித்தாள். நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாக. கண்டுபிடிக்கப்போகிறாள். இன்னும் அரை நிமிஷம். அவள் கண்டுபிடித்து எல்லார் முன்னாலும் என்னை நிறுத்துவதா, அதற்கு முன் நானே வாயைத் திறப்பதா? நியாயம் பார்த்துப் பேசினேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். உண்மை என்னவென்றால், தோற்பதை என்னால் தாங்க முடியாது. அதைவிட, ஆண்டி அந்தப் போனையே பார்த்துக்கொண்டு நின்ற விதத்தையும் தாங்க முடியவில்லை.

"நாலாவது வராதும்மா" என்றேன்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். காவியாவின் கை அப்படியே நின்றது.

சொன்னேன். மூன்றுக்கு மேல் தடுக்கிற விதி, என் விதி. தடுத்ததைக் காட்டாமல் நன்றி காட்டுவதும் நான் வைத்தது. பதினொன்றும் போன இடம் குப்பை. லேப்டாப்பைத் திருப்பி அந்த எண்ணையும் காட்டினேன். சொல்லச் சொல்ல எனக்குக் கோபம்தான் வந்தது. யார்மேல் என்று தெரியாத கோபம்.

"காப்பி வெக்கற பிளகின் போட்டிருந்தா, வந்த அன்னிக்கே பதினாலும் சைட்டுக்குள்ள நின்னிருக்கும் மாமா" என்றாள் காவியா. "அது வேணும்னு கேட்டேன். அப்பறம் மூணுதான் வந்திருக்கு, பாருங்கன்னும் கேட்டேன். என்ன சொன்னாருன்னு கேளுங்க."

தன் போனை எடுத்து என் வாய்ஸ் மெசேஜைப் போட்டாள். எச்சில் கையோடு பேசிய என் குரல் அந்த மோட்டார் அறை முழுக்க ஒலித்தது. சந்தேகம் புடிச்சவங்க நோட்டே வெச்சிக்க வேண்டியதுதான். முடிந்ததும் இன்னொரு தடவை போட்டாள்.

ராஜப்பன் என்னைத் திட்டிய திட்டை எழுத முடியாது. ஒன்பது பண்ணையும் போச்சு, கையில் இருந்த இந்தப் பண்ணையும் போச்சு. மருமகளிடம் அவர் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்கவில்லை. "ஒக்காரு" என்று நாற்காலியைக் காலால் அவள் பக்கம் தள்ளினார். அவ்வளவுதான் அவருக்கு வந்தது. அவள் உட்கார்ந்தாள்.

"பாஸ்வேர்டு" என்றாள் என்னிடம்.

சொன்னேன்.

"உண்மையச் சொன்னேனேம்மா" என்றேன், போகிற போக்கில். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. அதற்காக அவள் எனக்கு ஏதோ தர வேண்டும் என்று நினைத்தேன் போலிருக்கிறது.

"மொத தடவ கேட்டப்ப சொல்லலீங்களே" என்றாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். ஆண்டி மூன்று வீட்டுத் தட்டுகளையும் வண்டியில் ஏற்றி முடித்திருந்தார். கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஏறுங்க சார்."

"எங்க?"

"மலைக்குத்தான். நான் போயி, ஆர்டர் போட்டேன், மெசினு நன்றின்னு சொல்லுச்சு, ஆனா நாத்து இல்லன்னு சொன்னா எவன் நம்புவான்? மூணு வூட்டுக்கு மட்டும் போட்டுட்டு எங்கள ஏமாத்திட்டான்னுதான் பேசுவாங்க. நீங்க வந்து சொல்லுங்க. வூடு வூடா."

"எனக்குக் கடையில ஆள் காத்துக்கிட்டு இருக்கும்ய்யா."

"இருக்கட்டும்ங்க."

மரியாதையாகத்தான் சொன்னார். கதவை மட்டும் விடவில்லை. பின்னால் ராஜப்பன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். ஏறினேன்.

மலை ஏறுகிற வரை ஆண்டி ஒவ்வொரு வளைவிலும் பின்னால் தட்டுகள் நகராமல் இருக்கின்றனவா என்று திரும்பித் திரும்பிப் பார்த்தார். ஒரு வளைவில் வண்டி மெதுவானபோது என் பையில் இருந்த போன் இரண்டு முறை சிணுங்கி அடங்கியது. இங்கேதான் உட்கார்ந்து பதினாலு பெயரையும் எழுதியிருக்கிறார். கீழே பள்ளம், பக்கத்தில் ஒரு கல். அதற்குப் பிறகு டவர் இல்லை.

முதல் வீடு முனியாயியுடையது. ஐம்பது வயது இருக்கும். வீட்டுக்குப் பின்னாலேயே நிலம். மண்ணைப் பொடிப் பொடியாக உழுது, எரு கொட்டி, பாத்தி பிடித்துத் தண்ணீர்கூட விட்டுவைத்திருந்தாள். நாற்று வந்து இறங்கினால் நட வேண்டியதுதான் பாக்கி. வண்டிச் சத்தம் கேட்டு முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டே வந்தவள், தட்டை எண்ணிவிட்டு எங்களைப் பார்த்தாள்.

"என்து எங்க ஆண்டி?"

ஆண்டி என்னைப் பார்த்தார்.

"ஒங்களுக்கு வரலீங்க" என்றேன். "இவரு போட்டாரு. எங்க கம்ப்யூட்டரு தடுத்துடுச்சு."

"எதுக்குத் தடுத்துது?"

பன்னிரண்டு வருஷத்தில் நான் பதில் சொல்லாமல் விட்ட கேள்வி கிடையாது. பிளகின், நம்பர், காரிமங்கலம் பேக்கரி என்று வரிசையாக நாக்கில் வந்து நின்றது. அந்த ஈரப் பாத்திக்கு முன்னால் எதையும் சொல்ல முடியவில்லை.

"திருட்டு ஆர்டர்னு நெனச்சிடுச்சுங்க."

"மெசினு மேல போடாதீங்க சார்" என்றார் ஆண்டி.

"நாந்தாங்க நெனச்சேன்."

முனியாயி என்னை மேலும் கீழுமாகப் பார்த்தாள். சட்டை, பை, ஷூ. "எங்களயா?" என்றாள்.

"ஆமாங்க."

அவள் திரும்பி வீட்டுக்குள் போனாள். கதவைச் சாத்தவில்லை, திட்டவும் இல்லை. உள்ளே பாத்திரம் நகர்த்துகிற சத்தம் மட்டும் கேட்டது. நான் அங்கேயே நின்றேன். திட்டினால் திருப்பித் திட்டலாம் என்று காத்திருந்தேன் போல.

ஆண்டி வண்டியைச் சுற்றிக்கொண்டு வந்து என் பக்கக் கதவைத் திறந்தார்.

"வாங்க சார். இன்னும் பத்து வூடு இருக்குது."